குதிக்கால் நோவை ஒளிச்ச கதை

இந்த வருஷம் கதிர்காமத்துக்குக் காட்டுவழியா நடந்தேதான் போறது எண்டு முடிவெடுத்தன். மூத்த மகள் விதுர்ஷா சுகமாப் பிள்ளை பெறவேணும் எண்டு முருகனுக்கு வைச்ச நேர்த்திக்கடன். அந்தப் பேரன் இப்ப பள்ளிக்கூடம் போறான். முருகன் பொறுத்திட்டார், எனக்குத்தான் வெக்கமாக் கிடந்தது.

அடுத்த நாள் காலமை கட்டிலால இறங்கி ஒரு அடி வைச்சன். அம்மோவ்! குதிக்காலுக்குள்ள ஆரோ ஆணி அறைஞ்ச மாதிரி. வைச்ச கால் தானாத் திரும்பிக் கட்டிலில ஏறிற்று.

நான் களுவாஞ்சிக்குடியில சைக்கிள் சாமான் கடை வைச்சிருக்கிறவன். நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில வெறுங்காலோட நிக்கிற பிழைப்பு. மனிசி இலட்சுமிப்பிள்ளை என்னை டொக்டரிட்ட இழுத்துக்கொண்டு போனாள்.

“உள்ளங்காலுக்கு அடியில ஒரு தடிச்ச சவ்வு ஓடுது ஐயா. அது புண்பட்டுப்போச்சு. படுக்கக்குள்ள சுருங்கும், எழும்பி மிதிக்கக்குள்ள இழுபடும். வீட்டுக்குள்ளயும் மெத்தெண்ட செருப்புப் போடுங்க. சுவரைப் பிடிச்சுக்கொண்டு கெண்டைக்காலை நல்லா இழுத்து விடுங்க. போத்தல்ல தண்ணியை ஐஸாக்கி உள்ளங்காலால உருட்டுங்க. மாறும். ஆனா மாசக்கணக்கு எடுக்கும்.”

“கதிர்காமத்துக்கு நடக்கலாமா?”

“பஸ் ஓடுதுதானே ஐயா.”

எனக்கு வந்த கோவத்தில மிச்சம் ஒண்டும் காதில விழல்ல. வெளியால வந்ததும் இலட்சுமிப்பிள்ளை சொன்னாள்: “நோவோட காட்டுக்குள்ள விடமாட்டன். மாறினா நானே பொதி கட்டித் தாறன்.”

இந்த நோவில ஒரு கள்ளத்தனம் இருக்கு. காலமை உயிரை எடுக்கும். தேத்தண்ணி குடிச்சு முடியக்குள்ள காணாமப் போயிரும். நோவில்லாத காலுக்கு என்னத்துக்கு வைத்தியம்? நாளைக்குப் பாப்பம், நாளைக்குப் பாப்பம் எண்டே மாசக்கணக்கா விட்டுட்டன். இப்ப நினைச்சா வயிறு எரியுது.

மறுகா ஒரு திட்டம் போட்டன். அவள் முழிக்க முந்தி எழும்பி, வீட்டு வளவுக்குள்ள தென்னை தென்னையாப் பிடிச்சு நொண்டித் திரிவன். கால் இளகினதும் அவளுக்கு முன்னால பொலிஸ்காரன் மாதிரி நடப்பன்.

“மாறிற்றா?”

“முழுசா!”

“ஓம், சந்தோசம்.”

அவ்வளவுதான் சொன்னாள். நானும் நம்பிற்றன், பாவி.

ஞாயிற்றுக்கிழமை அவள்ட தம்பி இளையதம்பி சாப்பிட வந்தான். கதிர்காமத்துக்கு நடந்து போற எங்கட ஊர்க் குழுவுக்கு அவன்தான் தலைவன். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம், எல்லாம் இருந்தது. சாப்பிட்டு எழும்பப் போனன்.

“இருங்க, பாயாசம் இருக்கு.”

குடிச்சன்.

“இருங்க, பழம் வெட்டியிருக்கன்.”

திண்டன்.

“எங்க ஓடுறீங்க? நாங்க மூணு பேரும் இருந்து கதைச்சு எவ்வளவு நாளாச்சு!”

கலியாணம் கட்டின நாளில இருந்து இப்பிடியொரு பாசத்தை நான் கண்டதில்ல. உருகிப்போய் இருந்தன். வெயிலும் சாஞ்சிற்று.

“சரி, இப்ப எழும்பித் தம்பிக்கு நடந்து காட்டுங்க.”

எழும்பினன். “ஐயோ முருகா!” நேரா மச்சான்ட மடியில விழுந்தன்.

இலட்சுமிப்பிள்ளை சொன்னாள்: “கனநேரம் குந்தியிருந்து எழும்பினாலும் குத்தும் எண்டு டொக்டர் சொன்னவர். நீங்க அப்ப பஸ்ஸோட சண்டை.”

எனக்குக் கண் கலங்கிற்று. நோவால இல்ல. உகந்தையில கதிர்காமத்துக்குப் போற காட்டுப்பாதை திறக்கிற நாளை வருஷா வருஷம் ஆசையோட விசாரிக்கிறவன் நான். டொக்டர் சொன்னதைச் செய்திருந்தா இந்த முறை நானும் போகலாமே எண்டு மனசு கிடந்து அடிச்சுது.

“அழாதீங்க. உங்கட நேர்த்தியை நான் நடந்து தீர்க்கிறன்.”

“நீயா? உன்னால ஏலுமா புள்ள?”

“எனக்கும் இதே நோவுதான் இருந்தது. நீங்க செய்யாம விட்ட வைத்தியத்தை நான் செய்தன்.”

அவ்வளவு நேரமும் எனக்குப் பக்கத்தில குந்தியிருந்தவள், பொதி கட்ட எழும்பி விறுவிறெண்டு உள்ளே போனாள்.