தாகமாக இருக்க வேண்டிய இருபது தொட்டிகள்

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த மைத்துனருக்கு, அவற்றில் முதலாவது மட்டும் வாய்த்த அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, உன் அப்பா மூவரும் சுகம். உன் செடிகளும் சுகம். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது. பயிற்சி நடக்கும் இடத்தில் சாப்பாடும் படுக்கையும் உனக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசி என்றால் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் சொல்வாள். அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்த்து வயிறு கழுவுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்குத் தெரியும்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டரை மாதமாக உன் செடிகளுக்கு முன்னால் நான் இடுப்பில் ஒரு துண்டோடு மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லை. உன் அலுவலகத்து வெப்ப அறையை உடைந்த நாற்காலிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று நீ கண் கலங்கியபோது, "அதுக்கென்ன மச்சான், நம்ம மாடி அறை இருக்கே" என்று வாயைக் கொடுத்தவன் நான்தான். முன்பு இந்த வீட்டில் இருந்த புகைப்படக்காரர் வெளிச்சத்துக்காகக் கண்ணாடிக் கூரை போட்டுக் கட்டிய அறை அது. ஏற்கெனவே அடுப்பு. நீ அதற்குள் ஒரு ஹீட்டரும் வைத்து, ராத்திரி பகல் எந்நேரமும் முப்பத்தெட்டு டிகிரிக்குக் குறையக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். அதற்குள் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து மணிக்கொரு தடவை வெப்பமானி பார்க்க நான் என்ன இரும்பா? அங்கேயே மெய்ப்பும் திருத்தினேன். ஒரு ரயில் கால அட்டவணை. என் வியர்வை சொட்டி ஏழேகால் மணி வண்டி ஒன்று அழிந்தே போய்விட்டது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த அறையின் ஜன்னல் தெருவுக்கு எதிரே எதைப் பார்த்து இருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையை. மூன்றாம் வாரம் அவரே படியேறி வந்துவிட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. முன்னெல்லாம் நான் வாயைத் திறங்கன்னு சொல்லணும். இப்ப எல்லாரும் திறந்துகிட்டே உள்ள வர்றாங்க" என்றார்.

நான் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு அவருக்கு உன் ஆராய்ச்சியை விளக்கினேன். நீ எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன்: வெயில் வருஷா வருஷம் ஏறுகிறது, சூடு தாங்காமல் பயற்றஞ்செடி பூவையெல்லாம் உதிர்த்துவிடுகிறது, தப்பித்தவறிக் காய்த்தாலும் பருப்பில் சத்து குறைந்துபோகிறது; அதனால் இருபது ரகத்தை இருபது தொட்டியில் போட்டு, சூட்டிலும் தாகத்திலும் வாட்டி, எது காய்க்கிறது, காய்த்ததில் எது இரும்புச் சத்தையும் புரதத்தையும் விடாமல் வைத்திருக்கிறது என்று பார்க்கிறோம். நாலு நாளைக்கு ஒரு தம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. ஒன்றாவது தேறினால் அடுத்த பருவத்தில் உழவர்களின் வயலுக்குப் போகும். ஒன்றுமே தேறாவிட்டால் இந்தத் திட்டத்தை இழுத்து மூடிவிட்டு என் மைத்துனனை விதை மூட்டைக்கு முத்திரை குத்தும் பிரிவில் தள்ளிவிடுவார்கள், ஐந்து வருட உழைப்பு சார், என்றேன். மருத்துவர் ஜன்னலோரத் தொட்டிகளை ஒரு மாதிரிப் பார்த்தார். "பாவம் சார்" என்றார். உன்னைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. வாடித் துவண்டு கிடந்தவை ஒவ்வொன்றாக நிமிர ஆரம்பித்தன. இலை பளபளத்தது. கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. நான் நோட்டுப் புத்தகத்தில் 'அபாரம்', 'மிக அபாரம்' என்று எழுதிவிட்டு உனக்குப் போன் செய்தது நினைவிருக்கும். நீயோ, "அத்தான், இருபதுல ரெண்டு தேறினாலே நான் குதிப்பேன். இருபதும் பச்சைன்னா, ஒண்ணு உலகத்துப் பசியே தீர்ந்துபோச்சு, இல்ல யாரோ தண்ணி ஊத்துறாங்க. எதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாய். "சேச்சே, யார் ஊத்தப்போறா" என்றேன். அப்போது நான் ஏன் அப்படி இருமினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப்போகிறவன் மாதிரி பாவனை செய்து, மாடிக்குப் போய், அந்தப் புகைப்படக்காரர் விட்டுப்போன கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு வந்தார். "குடிங்கம்மா, குடிங்க. பெத்தவன் ஊருக்குப் போயிட்டா வளர்க்கிறவங்க இப்படித்தான் காயப்போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே மேல்தட்டுத் தொட்டிகளுக்கு ஊற்றினார். வளர்க்கிறவன் என்பது நான்! வெளியே பாய்ந்து கேட்டுவிடலாம் என்று பார்த்தால் படியில் இருமல் சத்தம். அந்தம்மா பதறிப்போய்த் திரைக்குப் பின்னால் வந்தார். அங்கே நான். "அண்ணே, நீங்களா!" "சத்தம் போடாதீங்க" என்றேன். வந்தது உன் அப்பா. கையில் அவர் மாத்திரை சாப்பிடும் தம்ளர். ஒரு மாத்திரைக்கு ஒரு நாளில் ஏழு தம்ளர் தண்ணீர் எதற்கு என்று நாங்கள் எத்தனை தடவை கேட்டிருப்போம்! ஹீட்டருக்குப் பக்கத்துத் தொட்டிகளுக்குப் பார்த்துப் பார்த்து ஊற்றிவிட்டு, "எம்புள்ளை படிச்சவன். படிச்சவங்களுக்கு இரக்கம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்று உனக்காகச் செடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். மறுபடியும் படியில் சத்தம். உன் அப்பாவும் திரைக்குப் பின்னால். "மாப்பிள்ளை, நீங்க தூங்கலையா?" என்று கேட்கிறார் மனுஷன், அந்த நிலையில்!

மூன்றாவதாகப் பல் மருத்துவர். வெள்ளைக் கோட்டோடு, இரண்டு கையிலும் வாய் கொப்புளிக்கிற காகிதக் குவளைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோர வரிசைக்கு ஆளுக்கொரு குவளை ஊற்றினார். "துப்பக் கூடாது. முழுங்கணும்" என்றார். தையல்காரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து என் துண்டின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டார். அந்தக் கணம் நான் பட்ட பாடு எனக்கும் அந்தத் துண்டின் முடிச்சுக்கும்தான் தெரியும். கடைசியில் உன் அக்கா கொலுசு சத்தம் கேட்டதும் மருத்துவரும் உள்ளே வந்துவிட்டார். முப்பத்தெட்டு டிகிரியில் ஒரு திரைக்குப் பின்னால் நாலு பேர், அதில் ஒருவர் மேல் மட்டும் கிராம்பு வாசனை. உன் அக்கா குவளை, தம்ளர் என்றெல்லாம் சில்லறை வேலை பார்க்கவில்லை. வாளியோடு வந்தாள். கீழ்த்தட்டு முழுவதையும் முழுக்காட்டினாள். வாளியைக் கீழே வைத்து இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "எல்லாரும் வெளிய வாங்க. வாசல்ல மூணு ஜோடி செருப்பு கிடக்குது. திரைக்குக் கீழ எட்டுக் காலு தெரியுது" என்றாள்.

வந்தோம். அங்கேயே பஞ்சாயத்து. நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி எல்லாரையும் கேள்வி கேட்டேன். "ஒரு விஞ்ஞானியோட வாழ்க்கையில விளையாடியிருக்கீங்க. வெட்கமா இல்ல?" என்றேன். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். உன் அக்கா மட்டும் குனியவில்லை. "மூணாம் நம்பர் தொட்டியில மண்ணு ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டாள். மச்சான், இதைத்தான் பின்னால் சொல்கிறேன் என்றேன். மெய்ப்புத் திருத்துகிற சிவப்பு மை பாட்டிலைக் கழுவி, அதில் தண்ணீர் கொண்டுபோய் மூன்றாம் எண்ணுக்கு மட்டும் தினம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டது. நான் என்ன செய்வேன்? சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. "நீதிபதி முதல்ல துண்டை ஒழுங்காக் கட்டட்டும்" என்றார் உன் அப்பா.

இனி நீ தலையில் கையை வைத்துக்கொள்ளாமல் மேலே படி. யார் யார் எந்தத் தொட்டிக்கு ஊற்றினோம் என்று எண்ணுக்கு நேரே பேரை எழுதிக்கொண்டு வந்தோம். சிலவற்றுக்கு இரண்டு பேர், ஆறாம் எண்ணுக்கு மூன்று பேர். பத்தொன்பது தொட்டிகளுக்கு ஆள் இருந்தது. பதினாலுக்கு மட்டும் யாருமே இல்லை. "பதினாலு எங்கே?" என்று தேடினோம். கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிற மூலையில் இருந்தது. கதவு எப்போதும் திறந்தே கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நானும் நாலு நாளைக்கொரு தடவை கணக்குப்படிக் கையை மட்டும் உள்ளே விட்டு ஒரு தம்ளர் ஊற்றுவேனே தவிர முகம் பார்த்ததில்லை. நோட்டில் 'மேற்படி', 'மேற்படி' என்று எழுதிக்கொண்டு வந்தேன். உன் அக்கா கதவைச் சாத்தினாள். முழங்கால் உயரம்கூட இல்லை, மஞ்சள் பாரித்துப்போய், இலையையெல்லாம் வெயிலுக்கு விளிம்பு காட்டித் திருப்பி வைத்துக்கொண்டு, யாரோடும் பேசப் பிடிக்காதவன் மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதில் பதினொரு காய்! நன்றாகத் திரண்ட காய். எங்கள் பத்தொன்பது செல்லங்களும் இலையும் கொடியுமாகக் கொழுத்து நின்றனவே, பூவெல்லாம் சூட்டில் கொட்டி, அத்தனையிலும் சேர்த்து மொத்தம் நாலே நாலு சூம்பல் காய்தான். உன் அப்பா தரையில் உட்கார்ந்து காயை எண்ணினார், திரும்பவும் எண்ணினார், மருத்துவரையும் எண்ணச் சொன்னார்.

உடனே உனக்குப் போன் செய்து சொன்னேன். "அத்தான், அதைத் தொடாதீங்க. பக்கத்துல நின்னு பெருமூச்சுகூட விடாதீங்க" என்றாய். விடவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை மருத்துவரிடம் கொடுத்தோம். பல் பிடுங்கும் குறடுகளோடு அவர் அதை வைத்திருந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்க மனம் வரவில்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை ஐந்து பேரும் சேர்ந்து போய், ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு, அளந்து ஒரு தம்ளர். அவ்வளவுதான். காய் முற்றிக் காய்ந்ததும் உரித்தோம். ஐம்பத்திரண்டு விதை. இருபத்தாறை உன் அலுவலக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே வேலை பார்க்கிற உன் தோழி நேற்றுப் போன் செய்தாள். இரும்புச் சத்தும் குறையவில்லையாம், புரதமும் குறையவில்லையாம், இத்தனை சூட்டில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லையாம். உங்கள் திட்டக் குழுவும் கூடிப் பேசிவிட்டதாம். திட்டத்தை மூடவில்லை, அடுத்த பருவம் வயலுக்குப் போகிறது, முத்திரை குத்த வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும். ஆறு விதையை மட்டும் உப்புப் போட்டு வேகவைத்துப் பார்த்தோம், கோபிக்காதே, ருசியும் தெரிய வேண்டுமல்லவா? வெண்ணெய் மாதிரி வெந்தது. ஆளுக்கு ஒன்று, ஆறாவது உன் பங்கு என்று சொல்லி உன் அப்பாவே சாப்பிட்டுவிட்டார். மீதி இருபதை இதே உறைக்குள் பொட்டலமாக வைத்திருக்கிறேன். தையல்காரம்மா அதற்கென்று தனியாக ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறார், பொத்தானோடு.

எனக்கு இப்போது மனசு நிறைந்திருக்கிறது, மச்சான். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் எழுத்தில் பிழை பார்த்தவன், என் பிழையால் ஒரு நல்ல காரியம் கெடவில்லை என்பதே பெரிய சந்தோஷம். மாலையில் ஐந்து பேரும் அந்த அறையில்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், ஹீட்டரை அணைத்துவிட்டு, நான் சட்டையோடு. உடம்பைப் பார்த்துக்கொள். பயிற்சியில் மற்றவர்கள் உன்னைக் கேட்டால் பதினாலாம் எண்ணைப் பற்றித் தலை நிமிர்ந்து சொல். நீ மென்மேலும் உயர்ந்து, உன் பயறு நாலு பேர் வீட்டு உலையில் வேக, நாங்கள் எல்லாரும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தண்ணீர் ஊற்றியவர்களில் ஒருவனான
உன் அத்தான்

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, அந்தப் பதினாலு இருக்கே" என்று ஆரம்பித்தார். நீ ஊருக்குக் கிளம்பின மறுநாள் அவர் கதவைத் திறந்த வேகத்தில் அந்தத் தொட்டி கவிழ்ந்து மண்ணெல்லாம் கொட்டிவிட்டதாம். மண்ணைத் திரும்ப அள்ளிப் போட்டாராம், ஆனால் உன் விதை மட்டும் அகப்படவே இல்லையாம். நீ வருத்தப்படுவாயே என்று சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பயறை எடுத்து அமுக்கி வைத்தாராம். "அன்னைக்கே சொல்லலாம்னுதான் பார்த்தேன். எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க" என்கிறார். உடனே ஓடிப்போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடியில் மிச்சமிருந்த ஒரு பிடியை உன் அக்கா இன்று காலையில்தான் வேகவைத்துவிட்டாள்.