பந்திக்கு வந்த சேவைக் குழு

ஏற்காடு,
வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய பெரிய மச்சான் வேலுசாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை சசிகலாவின் வீட்டுக்காரன் பொன்னுவேல் கும்பிட்டு எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும், தங்கள் மகன் பிரகாஷ் மாப்பிள்ளையும், செவ்வாய்ப்பேட்டை அரிசி மண்டியும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க சேர்வராயன் சாமி துணை நிற்கட்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனா ஓடமாட்டேன் என்கிறது. இதைப் போனில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போன் பேசினால் அடுப்படி வரைக்கும் கேட்கும். வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால் எனக்கு அதை டைப் அடித்துக் கொடுப்பதே என் மகள், தங்கள் மருமகள் கவிப்பிரியாதான். அவள் மேல் சொல்லும் புகாரை அவளிடமே கொடுத்து அடிக்கச் சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அதனால்தான் இந்தக் காகிதம்.

எல்லாம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் பிடித்த சனி. ப்ளஸ் ஒன் சேர்ந்த கையோடு கவியும், தலைச்சோலையிலிருந்து பஸ்ஸில் வருகிற அவள் சிநேகிதி தீபிகாவும் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் சேவைக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். விளையாட்டு வாத்தியார் ஜேசுதாஸ் சார்தான் பொறுப்பு. "மழை புடிச்சா கிரவுண்டுல எனக்கு வேலை இல்லீங்க, அதான் சரின்னுட்டேன்" என்று என்னிடமே சொன்னார். சேவை செய்யக் குழு இருந்தது, சேவை வேண்டும் என்று கேட்கத்தான் ஊரில் ஆள் இல்லை. முதல் வாரம் ஏரி ரவுண்டானாவில் நின்று வயசானவர்களைச் சாலை கடக்க வைத்தார்கள். மாரமங்கலம் பஸ்ஸுக்காகச் சும்மா நின்றுகொண்டிருந்த மருதாயி என்கிற கிழவியை இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். "ஏனுங்க கண்ணுகளா, அந்தப் பக்கம் எனக்கு ஒரு சோலியும் இல்லீங்களே" என்று அது கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. கிழவி அன்று மதியம் நம் மெஸ்ஸில் வந்து உட்கார்ந்து என்னைத்தான் திட்டியது, சாப்பாடும் போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் ஏரிக்கரையில் குப்பை பொறுக்கினார்கள். பொறுக்கியதில் பாதி நம் மெஸ் பெயர் அச்சடித்த பார்சல் பைகள். அதையெல்லாம் மூட்டை கட்டி, டூரிஸ்ட்டுகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நம் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கி, "உங்க பொருள் உங்ககிட்டயே சேரணும்ப்பா" என்றாள் நான் பெற்றது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாதித் தோசையில் எழுந்து போனது. இதோடு நின்றிருந்தால் நான் தங்களுக்கு எழுதியே இருக்க மாட்டேன்.

குழுவில் திவ்யா என்று ஒரு பிள்ளை சேர்ந்தது. இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக லாட்ஜ் வைத்திருக்கிறாரே, சேலத்துக்காரர், அவர் மகள். கவியோடு ஒரே வகுப்பு, ஒரே வயசு, பதினாறு. கூட்டத்துக்கு வரும், ஓரமாக உட்காரும், எதுவும் பேசாது, போய்விடும். ஒரு நாள் எல்லாரும் எழுந்து போகிற நேரத்தில், "இந்தக் கிளப்புல, கிளப்புல இருக்கறவங்களுக்கும் உதவி பண்ணுவீங்களா?" என்று கேட்டதாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தீபிகா சொல்லித்தான் தெரியும். அந்தப் பிள்ளையின் தாய்மாமனுக்கே அதைக் கட்டிவைக்க ஏற்பாடாகியிருந்தது. அவருக்கு வயசு முப்பதைத் தாண்டிவிட்டது, அடிவாரத்தில் லாரி வைத்திருக்கிறார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்தக் கல்யாணத்துக்குச் சமையல் ஆர்டர் எனக்குத்தான் வந்தது மச்சான். லாட்ஜ்காரர் வந்து, "கேக்கறவங்களுக்குக் காதுகுத்துன்னு சொல்லிக்கலாமுங்க" என்றார். திவ்யாவின் தம்பிக்கு இரண்டு வருசம் முன்னால் காது குத்தியதற்கும் நான்தான் சமைத்தேன். ஒரு பையனுக்கு எத்தனை தடவை குத்துவார்கள்? எனக்குத் தெரியும்தான். பாயசம் எப்படி வேண்டும் என்பதோடு சமையல்காரனுக்கு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது கவி என்றுமில்லாத அன்போடு, "அப்பா, ஞாயித்துக்கெழம ஆர்டர் எங்கப்பா? எந்த மண்டபம்? எத்தனை மணிக்கு முகூர்த்தம்?" என்று கேட்டாள். தொழிலில் பிள்ளைக்கு அக்கறை வந்துவிட்டது என்று எனக்கு நொம்ப சந்தோசம். அடிவாரத்தில் எந்த மண்டபம், பின்வாசல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன். "நானும் தீபிகாவும் பரிமாற வர்றோம்ப்பா, சேவைதானே" என்றாள். நான் சசிகலாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிப் போய் அடுப்பு மூட்டினோம். மணப்பெண் அறைக்கு நானே காபி எடுத்துப் போனேன். பட்டுச் சேலையில் அந்தப் பிள்ளை, பள்ளிக்கூட நாடகத்துக்கு வேசம் கட்டியது போல உட்கார்ந்திருந்தது. "மாமா, கவி வந்துட்டாளுங்களா?" என்று கேட்டது. வந்துவிட்டாள், வெளியே இலை துடைக்கிறாள் என்றேன். டம்ளரை வாங்கும்போது காபி சேலையில் கொட்டிவிட்டது. "என்ன கண்ணு, புதுச் சேலையப் போயி" என்று அதட்டினேன். அந்தப் பிள்ளை, "மன்னிச்சுக்குங்க மாமா" என்றது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காகிதம் இருக்கிறது, எழுதுகிறேன்.

முகூர்த்தத்துக்கு முன்பே நடந்த முதல் பந்தியில் கவி பொங்கல் வைத்துக்கொண்டு வருகிறாள், தீபிகா சாம்பார் ஊற்றுகிறாள், அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று இருக்கிற ஆபீசிலிருந்து ஒரு மேடம், கூடவே பெண் போலீஸ். அதைப் பார்த்ததும் கூட்டம் கை கழுவாமலே எழுந்து ஓடியது. மாப்பிள்ளை பின்வாசல் வழியாகப் போகிறேன் என்று சமையல்கட்டுக்குள் புகுந்து, இறக்கி வைத்திருந்த ரச அண்டாவில் காலை விட்டு, முழங்கால் வரைக்கும் வெந்துபோய் விழுந்தார். அந்த மேடம் நேராக வந்து, "இங்க சமையல் யாருங்க?" என்று கேட்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வாசனை இழுத்திருக்கிறது, அவர்கள் வீட்டு விசேசத்துக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கரண்டியோடு முன்னால் போய், "நானுங்க மேடம். நம்ம மெஸ்தானுங்க, ஏற்காட்டுல" என்று சொல்லி கார்டையும் நீட்டினேன். அந்தக் கார்டைப் பார்த்துத்தான் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளை கல்யாணம் என்று தெரிந்தே சமைத்துப் போட்டால் சமைத்தவனும் குற்றவாளிதானாம்.

திவ்யாவின் அம்மா செல்வி மகளை அடிக்கவில்லை. தன் தலையில்தான் அடித்துக்கொண்டார். "எனக்குப் பதினஞ்சுல கட்டி வெச்சாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்? சொல்லுடி, செத்தா போயிட்டேன்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்து, "தெரியலம்மா" என்றது. மண்டபத்தில் மேளக்காரர்கூட நிமிரவில்லை. லாட்ஜ்காரர் என் சட்டையைப் பிடித்தார். "ஏனுங்க பொன்னுவேலு, உங்க ஊட்டுல இருந்துதான் போச்சுங்களா சேதி?" என்றார். சட்டையைப் பிடிக்கும்போதும் அந்த 'ங்க' விடவில்லை. நான் திரும்பிக் கவியைப் பார்த்தேன். பொங்கல் வாளியை இன்னும் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் பெஞ்சு ஒன்றுதான். ஒரு ஓரம் நான், மறு ஓரம் மாப்பிள்ளையின் அப்பா, நடுவில் ஐயர். மதியத்துக்குக் கவியும் தீபிகாவும் சாப்பாடு கொண்டுவந்தார்கள், நான் வைத்த சாம்பாரையே. "ஏன் கண்ணு, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

"லாட்ஜ்காரருகிட்டச் சொல்லியிருப்பேன்."

"அதான்ப்பா சொல்லல. சாப்பிடுங்க, ஆறிடும்."

சாயங்காலம் எழுதி வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள். கேஸ் இருக்கிறது, கூப்பிடும்போது வர வேண்டுமாம். திவ்யாவைச் சேலத்தில் ஒரு காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். "நான் பரீட்சை எழுதலாமுங்களா" என்று அது எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று ஜேசுதாஸ் சார் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மாப்பிள்ளைக்குக் காலில் புண் ஆறவில்லை, அவர் மேலும் கேஸ். செல்வி வெளியே தலை காட்டுவதில்லை. லாட்ஜ்காரர் தினமும் காலையில் நம் மெஸ்ஸுக்கு எதிரே வந்து நிற்கிறார். கல்லெறிவதில்லை, திட்டுவதில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார். கல்லெறிந்தால்கூடத் தேவலை மச்சான். அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற ஆளும் அப்படியே திரும்பிப் போகிறது. கேட்டிருந்த கல்யாண ஆர்டர் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிறது. நல்ல வயசில் நடக்கிற கல்யாணக்காரர்கள்கூட, எதற்கு வம்பு என்று வேறு ஆளைப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், சேவைக் குழு இனிமேல் மரக்கன்று மட்டும்தான் நட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் குழுவில் பிள்ளைகள் குறையவில்லை, கூடியிருக்கிறார்கள். கவி வீட்டில் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. குளிக்கப் போனால் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே அழுகிறாள். சத்தம் வெளியே கேட்காது என்று நினைக்கிறாள். கேட்கிறது.

நேற்று சசிகலாவிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "பிரகாஷ் மாமாவுக்கு என்னைப் பேசி வெச்சிருக்கீங்களாமே, என்னைய யாராச்சும் கேட்டீங்களா?" அடுத்த ஜீப் நம் வாசலுக்குத்தான் வரும் மச்சான். ஆகவே யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ப்ளஸ் டூ முடியட்டும் என்று நாம் பேசியதை விட்டுவிடலாம். தாங்கள் இந்த வாரமே வந்து, அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக் கவியைக் கூட்டிப் போய்விடுங்கள். அங்கே அவளுக்குச் சிநேகிதியும் இல்லை, குழுவும் இல்லை. தை பிறந்ததும் ஏதாவது ஒரு கோயிலில் சத்தமில்லாமல் முடித்துவிடலாம். கேட்கிறவர்களுக்குக் காதுகுத்து என்று சொல்லிக்கொள்ளலாம். தாய்மாமன் தங்களுக்கு இல்லாத உரிமையா? பெற்றவன் நான் நல்லதற்குத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிரகாஷ் மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். மண்டியில் மூட்டைக்கு மூட்டை பெருகட்டும். மலை ஏறி வரும்போது குளிர் தாங்கத் துப்பட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
பொன்னுவேல்

பின்குறிப்பு: மச்சான், தாங்கள் வர வேண்டாம். தையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். பிரகாஷுக்கு வேறு இடம் பாருங்கள். கோபித்துக்கொண்டாலும் சரி. மேலே எழுதி முடித்து உறையில் போடும்போது, மாரமங்கலம் பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளை இறங்கி மெஸ்ஸுக்குள் வந்தது. யூனிபார்ம் போட்டிருந்தது, ஒன்பதாவது இருக்கும். "கவி அக்கா ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டது. கவி பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், அங்கே போ கண்ணு என்றேன். போகவில்லை. இட்லி வைத்தேன். தின்றது, இன்னும் வைத்தேன், தின்றது. பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, "நாளான்னிக்கு எனக்குக் கல்யாணமுங்க" என்றது. அதட்ட வாய் வரவில்லை மச்சான். தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

சசிகலா வந்து பார்த்தாள். மேசை மேல் கிடந்த இந்தக் காகிதத்தையும் படித்தாள். கிழிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காதீங்க. அப்படியே அனுப்புங்க, எங்கண்ணனும் படிக்கட்டும்" என்றாள். அப்புறம் போனை எடுத்து, பிள்ளைகள் பாதுகாப்புக்கான உதவி எண்ணை யாரையும் கேட்காமல் அழுத்தினாள். அவளுக்கு மனப்பாடமாம். அன்றைக்குக் கவி பேசியதும் இவள் போனிலிருந்துதானாம். என் வீட்டில் குழு எத்தனை பேர் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

பிள்ளையை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு, மெஸ்ஸின் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்த நிமிசம் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஏனுங்க, யூனிபார்ம் போட்ட பொட்டப்புள்ள ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "இன்னிக்குக் கடை லீவுங்க."