நாலாயிரம் புள்ளி வேட்டைப் படலம்

வாழிய, ஊசிமுனை வேலோனே! வந்தவர் இடுப்பைக் கண்ணாலேயே அளந்துவிடும் கத்தரிக்கோற் காவலனே! இல்லாளிடம் ஒரு வார்த்தை கேளாமல் ஆளுயரத் தொலைக்காட்சியை வாங்கிவந்த அஞ்சா நெஞ்சத் தையற்காரனே, நின் போர்க்கதை புகலப் புகுந்தோம்!

கூடத்துச் சோபாவில் மாமியார் பேரரசியாய் வீற்றிருந்தாள். வெளியூரில் ஓட்டப்பந்தயத்தில் வென்ற தன் கடைக்குட்டி மகனை அந்தப் பெருந்திரையில் காண வந்தவள். அவன் கைபேசிவழி அனுப்பிய காட்சியோ, அகன்ற திரையில் கஞ்சிபோல் கலங்கித் தெரிந்தது. இல்லாள் இடியென முழங்கினாள்: "அம்மா கிளம்புறதுக்குள்ள தம்பி மூஞ்சி பளிச்சுன்னு தெரியணும். இல்லேன்னா நாளைக்கே இது கடைக்குத் திரும்பிப் போகுது!" 

ஐயோ பாவம், வீரன் மடிக்கணினியைத் திறந்தான். எதிரே அணிவகுத்தது படத்தெளிவைச் சொல்லும் எண்படை: 480, 720, 1080, 4கே! வந்த காட்சி 480; திரையோ 4கே. ஆயிரத்தெண்பது உயரத்துப் புள்ளிக் கணக்காம், 4கே என்னும் நாலாயிரமோ அகலத்துக் கணக்காம். அளவுநாடாவின் அதிபதி பொறுப்பானா? "ஒருத்தன் உயரத்தைச் சொல்றான், ஒருத்தன் அகலத்தைச் சொல்றான்! இவனுங்கள நம்பித் துணி வெட்டினா ஒரு சட்டை தேறுமா?" என்று வெகுண்டான். பிறகு, தையலைப் பிரித்துப் பிரித்துச் சட்டையைப் பெரிதாக்கிப் பழகிய கையல்லவா, "சின்னதைப் பெரிசாக்குறது நம்ம தொழில் அத்தை!" என்று பறைசாற்றி, 480-ஐ 4கே ஆக்கும் பொத்தானை ஓங்கி அழுத்தினான்.

கணினி மூச்சிரைத்தது, கோப்பு ஊதிப் பெருத்தது, மாமியார் கைப்பையை மடிக்கு எடுத்தாள். பென்டிரைவைச் செருகினால், எம்கேவி வகைக் கோப்பை ஏற்கேன், எம்பி4 கொண்டுவா என்றது டிவி. கோப்புப் பெயரின் வாலில் எம்கேவியை அழித்து எம்பி4 என்று எழுதினான், கழுத்துப்பட்டை லேபிளை மாற்றித் தைப்பவன்போல. அந்தப் பருப்பு அங்கே வேகவில்லை. உள்ளே இருப்பதையே மாற்றவேண்டுமென்று ஒருவழியாய் உறைத்து, வியர்வை ஆறாய்ப் பெருக, பல் நறநறக்க, மீண்டும் முதலிலிருந்து மாற்றி, மாமியார் செருப்பில் ஒரு கால் நுழைத்த அக்கணத்தில், திசையெட்டும் அதிர, திரை நிறைய, நாலாயிரம் புள்ளியும் சுடர, ஓடியதே படம்! முன்பிருந்த அதே கஞ்சிக் கலங்கலாய்!

மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "இதுல என் பையன் யாரு மாப்பிள்ளை?"

மறுநாள் டிவியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.