சம்பந்தியை வாசலோடு திருப்பி அனுப்பிய விவகாரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்பு தேவலை. மனசுதான் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியில்லை. ஃபோனில் பேசிவிடலாம் என்று பார்த்தேன், தாங்கள் எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பே இல்லை, தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் தாங்கள் என்னை மன்னிப்பதற்கோ, மனசாரத் திட்டுவதற்கோ வசதியாக இருக்கும்.

போன மாதம் கடையில் சாவி வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தலை சுற்றியது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நான் ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாவிக்காக நின்றவர், பாவம், நான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்து அவரும் குனிந்து தேடியிருக்கிறார். டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், கருவியின் மேல் சந்தேகப்பட்டு வேறொரு கருவியை எடுத்து மறுபடி பார்த்தார். "நல்லா தூங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார். நான் யோசித்தேன். யோசித்த நேரத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் தொழில் தங்களுக்குத் தெரியாததா? யார் எந்த நேரத்தில் சாவியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் கையைக் கழுவிவிட்டுப் போவேன், தூங்கும்போது கூப்பிட்டால் முகத்தைக் கூடக் கழுவாமல் போவேன். முடியாது என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த தெருச் சாவிக்கடைக்காரரிடம் போய்விடுவார்களே.

விஷயம் தெரிந்ததும் தங்கள் மருமகள், அதாவது என் மகள், லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அப்பா, மாத்திரை மட்டும் போதாது. உடம்புக்குன்னு ஒண்ணு செய்யணும், மனசுக்குன்னு ஒண்ணு, ஆசைக்குன்னு ஒண்ணு. நாலு பேரோட சும்மா உக்காந்து பேசணும். முக்கியமா முடியாதுன்னு சொல்லப் பழகணும். எல்லாம் சேர்ந்தாதான் தன்னைத் தானே கவனிச்சுக்கிறது" என்றாள். சரிம்மா என்றேன். அவளிடமும் எனக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை பாருங்கள்.

உடம்புக்கு நடை என்று முடிவாயிற்று. காலையில் கையை வீசிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் ஒருத்தர், "நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க" என்று துருப்பிடித்த பூட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். பால் கடை வாசலில் இன்னொருத்தர். பஸ் நிறுத்தத்தில் ஓர் அம்மா பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வீசிக்கொண்டு போன கையை வீசிக்கொண்டு திரும்ப முடியவில்லை, சட்டைப்பை, பேண்ட் பை எல்லாம் பூட்டு. அடுத்து மனசுக்கு மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். நான் ரொம்ப மெதுவாக விட்டுவிட்டேன் போல. துணி காயப்போட வந்த என் மனைவி ஈரக் கையை என் மூக்கில் வைத்துப் பார்த்தாள். நான் அலறினேன், அவள் என்னைவிட அலறினாள். ரெண்டு பேருக்கும் அன்னைக்கு அழுத்தம் ஏறினதுதான் மிச்சம்.

ஆசைக்கு மவுத் ஆர்கன். சின்ன வயசில் வாங்க நினைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டம்மா வந்து, "காலியா கிடக்கிற ரூம்ல பூனை மாட்டிக்கிச்சு போல, பாவமா கத்துது, கொஞ்சம் திறந்து விடுங்களேன்" என்றார். அந்தப் பூனை நான்தான் என்று எப்படிச் சொல்வது? கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய் அந்த ரூமைத் திறந்தேன். அவரோடு சேர்ந்து மூலை முடுக்கெல்லாம் தேடினேன். "ஜன்னல் வழியா ஓடியிருக்கும்" என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் அந்த முடியாது. இதுக்கு என் மனைவியே வாத்தியார். சமையலறைக்குப் போய் நின்னுகிட்டு வாடிக்கையாளர் மாதிரி கூப்பிடுவா. "அண்ணே, உள்ள அடுப்புல பால் இருக்கு, கதவு பூட்டிக்கிச்சு." நான் "இதோ வந்துட்டேம்மா"ன்னு எந்திரிச்சிடுவேன். அவ தலையில அடிச்சுக்குவா. "என்னங்க, இது நம்ம வீட்டுப் பால்." ஒரு வாரம் இப்படியே போச்சு. ஒருநாள் அவ நடிப்பை நிறுத்திட்டு என் எதிரே வந்து உக்காந்தா. "நீங்க பையத் தூக்கிட்டுப் போற ஒவ்வொரு தடவையும், திரும்பி வர்ற வரைக்கும் நான் ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன். கீழ விழுந்த மனுசன் மறுபடி எங்கயாவது விழுந்து கிடந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவாங்க?" இத்தனை வருஷத்துல அவ இதைச் சொன்னதே இல்ல சம்பந்தி. நானும் கேட்டதில்ல. அன்னைக்கு முடிவு பண்ணினேன், ஞாயித்துக்கிழமை யார் வந்தாலும் முடியாதுதான்.

அந்த ஞாயித்துக்கிழமைதான் நீங்க வந்தீங்க. என் மனைவி அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. நான் ஈரத்துணியைக் கண்ணுல போட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன். காலிங்பெல் அடிச்சுது. எந்திரிக்கல. மறுபடி அடிச்சுது. படுத்தபடியே, பயிற்சி பண்ணின அதே குரல்ல, "முடியாது. இன்னைக்கு என் நாள்"னு சத்தம் போட்டேன். வெளியே "நாங்கதான்"னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க? "யாரா இருந்தாலும் சரி, பூட்டை நீங்களே உடைச்சுக்குங்க"ன்னுட்டேன். அப்புறம் சத்தமே இல்ல. எனக்கு என் மேலயே ஒரு மரியாதை வந்துச்சு. அந்த மரியாதையோட அப்படியே தூங்கிட்டேன்.

சாயங்காலம் என் மனைவி ஆப்பிள் பையோட உள்ளே வந்தா. உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்க நீங்க ரெண்டு பேரும் வந்ததையும், கொஞ்ச நேரம் நின்னுட்டுப் பையைக் கதவோரம் வெச்சுட்டுப் போனதையும் மாடி வீட்டம்மா சொல்லியிருக்காங்க. விஷயம் போன உடனே மகள் ஃபோன். "அப்பா, முடியாதுன்னு ஊர்க்காரங்ககிட்ட சொல்லச் சொன்னேன். என் மாமனார்கிட்ட யாரு சொல்லச் சொன்னா?" அவ குரல் உடைஞ்சிருந்துச்சு. என்னால அவ வாழ்க்கையில ஒரு கசப்பு வந்துடக் கூடாது சம்பந்தி. அதுக்காக உங்க கால்ல விழச் சொன்னாலும் விழுவேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன். நான் பேசின பேச்சுக்கு வெட்கப்படுறேன், அன்னைக்குத் தூங்கின தூக்கத்துக்கு வெட்கப்பட முடியல. அப்படி ஒரு தூக்கம். அழுத்தம்கூட இறங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னார்.

இப்போது காலையில் மனைவியும் நானும் சேர்ந்தே நடக்கிறோம், என்னைத் தெரியாத தெருக்களாகப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமை வேலைகளை அடுத்த தெருக்காரருக்கே விட்டுவிட்டேன். இத்தனை நாள் எதிரி என்று நினைத்திருந்தேன், போய்ச் சொன்னபோது அவர் டீ வாங்கிக் கொடுத்து, "எனக்கும் ஒரு நாள் லீவு வேணும், செவ்வாய்க்கிழமை நீங்க பாத்துக்கிறீங்களா?" என்றார். இனி ஞாயிறு எனக்கு வேலை கிடையாது என்பது உறுதி. தங்களுக்கு மட்டும் எந்நாளும் கதவு திறந்திருக்கும். தயவுசெய்து மறுபடி வாருங்கள். சம்பந்தியம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழக்க விரும்பாத சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போதே சம்பந்தியம்மா ஃபோன் பண்ணிவிட்டார்கள். நான் போட்ட சத்தத்தைக் கேட்டு வந்த நாளிலிருந்து நீங்க யார் எது கேட்டாலும் முடியாது என்கிறீர்களாமே. யார் வீடு மாற்றினாலும் வண்டி பிடித்துக் கொடுக்கிற மனுசன், ஃபோனையே எடுப்பதில்லையாம். இன்று ரூமை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு "என் நாள்" என்று சொல்லிவிட்டீர்களாம், உடனே வந்து திறக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைதான், இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது உங்கள் ரூம் வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாதாரணப் பூட்டு, நினைத்தால் இப்பவே திறந்துவிடலாம். ஆனால் உள்ளே உங்கள் குறட்டை கேட்கிறது, நல்ல ஆழமான குறட்டை. "இது ரொம்பப் பொல்லாத பூட்டும்மா, சாயங்காலம் ஆயிடும்" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். காபி போடப் போயிருக்கிறார்கள். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். நிதானமாக எழுந்து படியுங்கள்.