குறையாத பார்லி

ஒரு நாட்டின் பார்லி இருப்பு கூடலாம், குறையலாம். ஆனால் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. இந்த உன்னத நோக்கத்துக்காகவே பார்லி மாற்ற இயக்ககம் என்று ஒன்று இருந்தது. ஆண்டு முடிவில் கிடங்குக்கு வந்து மூட்டைகளை நிறுத்து, போன ஆண்டைவிட என்ன மாற்றம் என்று அறிவிப்பார்கள். மற்ற நாளெல்லாம் அடுத்த ஆண்டு முடிவுக்காகக் காத்திருப்பார்கள். அதென்ன லேசான வேலையா?

கிடங்குக்காரர் பயந்த சுபாவம். கிடங்குக்குப் பின்னால் அரசாங்கம் கொடுத்த வீட்டில் பெண்டாட்டியோடு குடியிருந்தார். எலிக்குப் பொறி வைப்பார், ஒழுகுகிற கூரைக்குத் தகரம் அடிப்பார். இருந்தும் வருஷா வருஷம் பார்லி குறைந்துகொண்டே வந்தது.

ஆய்வுக்கு வருகிறவர்கள் சோதனைக்கென்று மாதிரி எடுப்பது வழக்கம். முன்பெல்லாம் ஒரு கைப்பிடிதான். அப்புறம் ஊரில் பார்லித் தண்ணீர் மோகம் பிடித்தது. குடித்தால் தொப்பை கரையும், முகம் பளபளக்கும் என்றார்கள். டீ குடிப்பவனைப் பட்டிக்காட்டான் மாதிரி பார்த்தார்கள். சரியாக அந்தச் சமயத்தில்தான் இயக்குநருக்குக் கைப்பிடி போதாது என்ற ஞானோதயம் வந்தது. அவருக்கு ‘துல்லியம்’ என்று பட்டப்பெயர்.

"துல்லியமா இருக்கணும்னா ஆளுக்கு ஒரு மூட்டையாவது எடுத்தாகணும்யா" என்றார்.

எடுத்தார்கள். இருப்பு குறைந்தது. ஏன் குறைந்தது என்று கண்டறிய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கும் மாதிரி வேண்டாமா? அதன் மேல் ஓர் உயர்மட்டக் குழு. உயர்மட்டம் என்பதால் லாரியில் வந்தார்கள்.

அந்த ஆண்டு முடிவில் கடைசி மூட்டையும் லாரியில் ஏறியபோது கிடங்குக்காரர் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு இயக்குநரிடம் கேட்டேவிட்டார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க எடுத்துட்டுப் போறதுதானே குறையுது?"

"நாங்க எங்கய்யா எடுத்தோம்? மாதிரிதானே எடுத்தோம்!"

"அப்போ குறைஞ்சது எங்கங்க ஐயா போச்சு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே மாதிரியே எடுக்கிறோம்!"

அந்த வாரமே உத்தரவு வந்தது: ‘வரும் ஆண்டிலும் இருப்பு குறையுமாயின், தாங்கள் பணியிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் அகற்றப்படுவீர்கள்.’

கிடங்குக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயசில் எங்கே போவது? ஆண்டு முடிவு நெருங்க நெருங்க ஆள் பாதியாகிவிட்டார். பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் சோறு போடும்போது பெண்டாட்டி கேட்டாள்.

"ஏங்க, கிடங்குல இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"போன ஆண்டு முடிவுல என்ன இருந்தது?"

"அப்பவும் ஒண்ணுமில்ல."

"அப்புறம் எப்படிங்க குறையும்?"

கிடங்குக்காரர் அவளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அப்புறம் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

துல்லியம் பரிவாரத்தோடு வந்தார். கதவைத் திறந்தார்கள். ஓட்டைக் கூரையிலிருந்து விழுந்த வெயிலைத் தவிர உள்ளே எதுவும் இல்லை. தராசைக் கொண்டுவரச் சொல்லி, முறைப்படி வெறும் தட்டை நிறுத்தார்கள். துல்லியம் மனக்கணக்குப் போட்டார். கண் கலங்கிவிட்டது.

"மாற்றமே இல்லை! என் சர்வீஸ்ல இப்படி ஒரு வருஷத்தைப் பார்த்ததே இல்லையே!" என்று கிடங்குக்காரரைக் கட்டிக்கொண்டார்.

வெற்றி விழாவைக் கிடங்கிலேயே வைத்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பார்லித் தண்ணீர் தர வேண்டும் என்று உத்தரவு. பார்லிக்கு எங்கே போவது? பெண்டாட்டி வெந்நீரில் உப்பைப் போட்டுக் கலக்கி நீட்டினாள்.

"ஆகா, இதுவல்லவோ பார்லி!" என்றார் துல்லியம். ஊர் ஜனமும் உறிஞ்சிக் குடித்துவிட்டு, இன்னொரு தம்ளர் கேட்டது.

துல்லியம் மேடையேறினார். "ஒரு மணிகூடக் குறையாமல் நம் பார்லியைக் கட்டிக்காத்த இவரிடமே, நாட்டின் கோதுமைக் கிடங்கையும் ஒப்படைக்கிறோம்!" என்று முழங்கினார். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

மறுநாள் காலை கிடங்குக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பெண்டாட்டி அவர் கையில் ஒரு பையைத் திணித்தாள்.

"இது எதுக்குடி?"

"அத்தனை அதிகாரிங்களும் எடுக்கும்போது நாம எடுத்தா என்னங்க? மாதிரிக்குத்தான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பையைச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் கோதுமைக் கிடங்கு இருக்கும் தெருவுக்குள் திரும்பியதும் உறுத்தல் போய், வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. நேற்று கைதட்டிய ஊரே அங்கே வரிசையில் நின்றது, ஆளுக்கொரு சாக்குப்பையோடு.

"என்னங்க இது?" என்றார், முன்னால் நின்ற வாத்தியாரிடம்.

"ஒண்ணுமில்லைங்க, மாதிரிக்குத்தான்" என்றார் வாத்தியார். "நீங்க பின்னால போய் நில்லுங்க."