ஸ்பேசர் வைத்த மச்சான்

சக்கரம் மாற்றுகிற இனம் ஒன்று ஊருக்கு ஊர் உண்டு. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். தெருவோரம் ஓர் ஆள் தன் காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, தலையைச் சாய்த்து, டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், பாவம் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று தேடப் போய்விடாதீர்கள். அவர்தான் இவர். நாலு விரல் நுழைந்தால் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு விரல் என்றால் கொஞ்சம் தூக்கம் வரும். ஒரு விரலும் நுழையாவிட்டால் சொர்க்கம்.

செந்துறையில் விதைக்கடை வைத்திருக்கும் நல்லதம்பி இந்த இனத்தில் அசல் சரக்கு. சென்னையில் யாரோ கழித்துக்கட்டிய, இரண்டே கதவும் மடக்குக் கூரையும் உள்ள பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தார். நல்ல கார். செய்தவன் யோசித்துச் செய்த கார். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"சக்கரத்தப் பாரு, பத்தியம் இருக்குறவன் கன்னமாட்டம் உள்ள போயி கெடக்கு!"

பெரம்பலூரில் அரியமுத்துவின் டயர் கடைக்கு ஓடினார். பெரிய அலாய் சக்கரம் வந்தது. அதற்குப் போட்ட டயர், டயரா அது, ரப்பர் வளையல். சிமெண்டு லாரி போட்ட முதல் குழியிலேயே சக்கரம் அப்பளமாக நெளிந்தது. அப்புறம் அகல டயர் வந்தது. அகல டயர் வந்தபின் அது போதுமான அளவு வெளியே தெரியவில்லை என்ற கவலை வந்தது. கவலைக்கு மருந்தாக ஸ்பேசர் வந்தது: நடுவில் ஓட்டை போட்ட வடை மாதிரி ஓர் உலோகத் தட்டு, சக்கரத்துக்கு உள்பக்கம் வைத்து முடுக்கினால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தங்கை முத்தமிழின் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அதையும் மாற்றி, தடிமனாக ஒன்று வைத்தார்.

"இப்ப எப்புட்றா இருக்கு?"

"சிங்கம்ணே!" என்றான் அரியமுத்து. அவன் எந்தக் காரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வான்.

சோதித்துப் பார்த்தாரா? பார்த்தார். நிறுத்திவைத்து.

அப்பா இல்லாத வீடு. முத்தமிழ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, மாப்ள வூட்டு ஆளுங்க ஒரு சொல்லு சொல்ற மாதிரி வச்சிராத." அவருக்கும் ஆசை ஒன்றே ஒன்றுதான். தங்கச்சி மாப்பிள்ளை வாடகைக் காரில் வரக்கூடாது.

சாயங்காலம் அரியலூரில் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை மகேஷை ஏற்றிக்கொண்டு, பேண்டு செட் முன்னே போக, அவனுடைய பெரம்பலூர்ச் சொந்தங்கள் பின்னே நடக்க, மண்டபத் தெருவில் வாசலை நோக்கி வலதுபக்கம் ஒடித்தார் பாருங்கள், கர்ர்ர்ர்! மாப்பிள்ளையின் கனத்துக்கு வண்டி அமுங்கி, துருத்திய டயர் தகரத்தைக் கடித்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் மண்டப வாசலில் நிற்கிறார்கள். ஸ்டியரிங் அதற்குமேல் ஒடியாது.  நல்லதம்பி சக்கரத்தை நேராக்கிக்கொண்டு பேண்டுக்காரர்களிடம் கையை நீட்டினார்.

"நேரா போங்க!"

அவர்கள் ஏன் என்று கேட்கிற ஜாதியில்லை. போனார்கள். ஊர்வலமும் போனது. மண்டபம் பின்னால் போனது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வெள்ளைச்சாமி ஓடிவந்து கதவைப் பிடித்தார். "மண்டவம் அங்கிட்டுல்ல இருக்கு? எங்க புள்ளைய எங்கய்யா கடத்திக்கிட்டுப் போற?"

"ஊரச் சுத்திக் காட்டலாம்னு மாமா..."

"எந்த ஊர? இது ஜெயங்கொண்டம் ரோடுய்யா!"

நிறுத்தித்தான் ஆகவேண்டியிருந்தது. "எங்கள நடுரோட்ல நிக்க வச்சிட்டாங்க. வேனத் திருப்புங்கடா பெரம்பலூருக்கு!" என்று வெள்ளைச்சாமி கத்தினார். அவர்கள் வேன் திரும்பும். அதுதான் பயம். தங்கச்சி முகம் கண்முன் வந்து நின்றது. 

மகேஷ் மாலையோடு இறங்கினான். முகத்தில் சிரிப்பில்லை. நேரே முன்சக்கரத்தண்டை போய்க் குனிந்தான்.

"மச்சான், ஸ்பேசர் எத்தன எம்எம்?"

"இ... இருவத்தஞ்சு."

"பின்னாடியுமா? பின்னாடி முப்பது வச்சிருந்தா இன்னும் தூக்கிருக்கும்ல?"

நல்லதம்பிக்குப் போன உயிர் வந்தது. "நானும் அதான் மாப்ள சொன்னேன், கடக்காரன்..."

இரண்டு பேரும் குத்தவைத்துவிட்டார்கள். மாலை மண்ணில் புரண்டது. வேறு உத்தரவு வராததால் பேண்டு தொடர்ந்து வாசித்தது. வெள்ளைச்சாமி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டார்.

மண்டப வாசலில் நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு முத்தமிழ் பட்டுப்புடவையோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். அண்ணனைப் பார்த்தாள். கட்டிக்கப்போகிறவனைப் பார்த்தாள். மறுபடி அண்ணனைப் பார்த்தாள்.

"ஒரு சக்கரப் பைத்தியத்துலேந்து தப்பிச்சிப் போறேன்னு நெனச்சேன்," என்றாள். "எந்திரிங்க ரெண்டு பேரும்!"

மாப்பிள்ளைதான் முதலில் எழுந்தான். நல்ல சகுனம். வாசலில் போடவேண்டிய புது மாலையைக் காரிலிருந்து எடுத்து, நல்லதம்பி அங்கேயே, ஜெயங்கொண்டம் ரோட்டிலேயே அவனுக்குப் போட்டார். எல்லோரும் நடந்தே மண்டபத்துக்குத் திரும்பினார்கள். போகும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டிருந்தால் லாரிப் புழுதி என்றிருப்பார், யாரும் கேட்கவில்லை.

சிரித்து முடித்தீர்களா? நல்லது. இன்றைக்கு உங்கள் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போகும்போது, ஒரே ஒரு தடவைகூட அதைத் திரும்பிப் பார்க்காமல் போய்க் காட்டுங்கள், பார்க்கலாம்.