என்னை நானே தடை செய்த ஞாயிற்றுக்கிழமை

அடுத்தவரால் தடை செய்யப்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். சொந்தக் கையால் தன்னைத் தானே நிரந்தரமாகத் தடை செய்துகொண்டவன் இந்தத் திருப்பூர் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரொம்ப நாள் இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

அப்போது நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலராக இருந்தேன். தைத்து வரும் பீஸில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க்கறை என்று பார்த்து, அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பகலெல்லாம் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. குழம்பில் உப்பு, மகளின் வீட்டுப்பாடம், பக்கத்து வீட்டுக் கோலம் என்று எதைப் பார்த்தாலும் ஸ்டிக்கர் ஒட்ட இடம் தெரியும். (ஒட்டியதில்லை. உயிர்மேல் ஆசை இருந்தது.)

இந்த லட்சணத்தில் எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து சேர்ந்தார். பால் டீ வேண்டாம் என்றார். தயிர், நெய், தேன்கூட வேண்டாம் என்றார். விலங்கிடமிருந்து வரும் எதையும் தொடமாட்டாராம், அதற்கு வீகன் என்று பெயராம். எங்களுடையது முருகனைக் கும்பிடும் சைவ வீடு. முட்டை வாசல்படி தாண்டாது. சைவத்தில் நாங்கள்தான் எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் முன்னால் நான் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் சரக்கு ஆகிப்போனேன். அன்று சாயங்காலமே பாலை விட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. பட்டனையும் விடவைத்தேன்.

பட்டன் எங்கள் நாய். கட்டிங் வேஸ்ட் குவியலுக்குள் குட்டியாகக் கிடந்ததை நான்தான் தூக்கி வந்தேன். நெற்றியில் பட்டன் அளவுக்கு ஒரு வெள்ளை. அதுவரை பாலும் தயிர்ச்சோறுமாக வளர்ந்த ஜீவனுக்கு ஒரே நாளில் ரசம் சாதம் என்று ஆக்கினேன். ஞாபகம் வந்தால் சோயா உருண்டை போடுவேன். பெரும்பாலும் ஞாபகம் வராது.

"ஏனுங்க, பட்டன் எளச்சுப் போச்சுங்க. வெலாவெல்லாம் தெரியுது" என்றாள் என் மனைவி சாந்தாமணி.

"அது ஒடம்பு சுத்தமாகுது அம்மிணி. நெட்டுல போட்டிருக்கான்."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் சூப்பர்வைசர். நான் பாஸ் பண்ணிய ஒரு லாட்டை அவள் திருப்பி அனுப்பியதில்தான் எங்கள் பழக்கமே தொடங்கியது. அப்படிப்பட்டவள் சொல்கிறாளே என்று நான் யோசித்திருக்க வேண்டும். நெட்டு சொன்னதைத்தான் கேட்டேன்.

நெட்டு என்றால் 'வாலாட்டிகள்' என்ற குழுமம். செல்லப்பிராணி வளர்க்கும் தமிழர்கள் உலகம் முழுவதிலுமிருந்து அதில் எழுதுவார்கள். நான் அதன் ஒரே மட்டுறுத்துநர், அதாவது எந்தப் பதிவு இருக்கலாம், எது போகலாம் என்று தீர்மானிக்கும் மாடரேட்டர். மற்றவர்களின் பதிவுகளில் குற்றம் கண்டுபிடித்தே அந்தப் பதவிக்கு வந்திருந்தேன். விதிமுறைகளையும் நானே எழுதினேன். பொய்த் தகவல் தருபவருக்கு நிரந்தரத் தடை என்பது கடைசி விதி. ஒரு கம்பீரத்துக்காக அதன் கீழே 'மட்டுறுத்துநருக்கும் இது பொருந்தும்' என்று சேர்த்தேன்.

அந்தக் குழுமத்தில்தான் 'பால்கூடத் தொடாத பட்டன்' என்று பதிவு போட்டேன். பின்னூட்டம் குவிந்தது. குழுமம் இரண்டாகப் பிளந்தது. நாயைக் கேட்டீர்களா என்று ஒரு கட்சி. கோழியைக் கேட்டீர்களா என்று இன்னொரு கட்சி. மருத்துவரிடம் கேட்டு, என்னென்ன சத்து வேண்டும் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் நாய்க்குச் சைவம் ஒத்துவரலாம் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நிதானமாக எழுதினார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, நானும்தான். கொஞ்ச நாளில் பட்டனுக்கு ரோமம் மினுமினுவென்று வந்தது. அதையும் படம் எடுத்துப் போட்டு, கொள்கையின் வெற்றி என்று எழுதினேன்.

அப்போதுதான் 'நூல்கண்டு' என்ற பெயரில் ஒருவர் உள்ளே வந்தார். நாயை டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். அழித்தேன். எடை போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். அதையும் அழித்தேன். மறுநாள் இப்படி எழுதினார்: 'தச்சவங்களே செக்கிங் பண்ணலாங்களா? நாயும் உங்களுது, பதிவும் உங்களுது, அழிக்கற கையும் உங்களுது.'

எனக்குச் சுருக்கென்றது. எந்தப் பனியன் கம்பெனியிலும் தைத்தவர் தன் பீஸைத் தானே பாஸ் பண்ண முடியாது. இப்படிக் கேட்கிறவர் நம் ஊர் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது கோபம் மட்டும்தான். பதிவை அழித்து, நூல்கண்டை ஒரு வாரம் வெளியே வைத்தேன்.

குழுமம் கொதித்துவிட்டது. கோயம்புத்தூரில் பேங்க் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ரங்கசாமி ஐயாதான் குழுமத்தைத் தொடங்கியவர். அவர் சண்டையை முடிக்க, ஞாயிற்றுக்கிழமை இரண்டு உறுப்பினர்களோடு நேரில் வந்து நாயைப் பார்ப்பதாக அறிவித்தார். எழுதியது நிஜமானால் நான் தொடரலாம், பொய்யானால் பதவி போய்விடும். 'வாருங்கள், எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள்' என்று மார்தட்டி எழுதினேன். ஷிப்மென்ட் இன்ஸ்பெக்‌ஷனில் சொல்லும் வசனம் அது.

மூவரும் வந்தார்கள். சாந்தாமணி தேங்காய்ப்பாலில் பாயசம் வைத்திருந்தாள். காலையில் இருந்தே அவள் முகம் சரியில்லை. விருந்தாளி பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். பட்டனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு (ஆமாம், பவுடர்) வாசலில் உட்காரவைத்தேன். தட்டில் சோயா சாதத்தை வைத்து, "பாருங்க, எப்பிடிச் சாப்பிடுதுன்னு மட்டும் பாருங்க" என்றேன்.

பட்டன் தட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. அந்த நேரத்தில் பக்கத்துக் கம்பெனியில் டீ டைம் பெல் அடித்தது. அவசர ஷிப்மென்ட் என்று ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வேலை ஓடிக்கொண்டிருந்தது. பட்டன் எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடைக்குப் போய் பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்தது. அது உட்கார்ந்த விதத்தில் பல நாள் பழக்கம் தெரிந்தது.

நாங்கள் நாலு பேரும் பின்னாலேயே போனோம். டீ மாஸ்டர் பழனிச்சாமி டீ ஆற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், உரித்த முட்டை ஒன்றை உடைத்து இலைத்துண்டில் வைத்தார்.

"ஏனுங் மாஸ்டர், எங்க நாய்க்கு எதுக்குங்க முட்டை வெக்கறீங்க?"

"தெனமும் வெக்கறதுதானுங்களே. அக்கா சொல்லியிருக்காங்க."

"எந்த அக்கா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்கூட்டு அக்காதானுங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம், மனசு சங்கடப்படுவீங்கன்னாங்க."

ரங்கசாமி ஐயா தொண்டையைக் கனைத்தார். மற்ற இரண்டு பேரும் சிரிப்பை அடக்க வடை பஜ்ஜித் தட்டை உற்றுப் பார்த்தார்கள். திரும்பினால் எங்கள் கேட்டருகே கையில் கரண்டியோடு சாந்தாமணி.

"ஊட்டுக்குள்ள முட்டை வரக்கூடாது, அதான் இங்கே சொல்லி வெச்சேனுங்க" என்றாள். "வாயில்லாச் சீவன். எத்தனை வாட்டி சொன்னேன், கேட்டீங்களா? நெட்டுல எழுதுனா மட்டும் படிக்கறாரே, அங்கயே எழுதுவோம்னு எழுதுனேன். படிச்சுட்டு அழிச்சுப்போட்டீங்க."

"நூல்கண்டு…?"

"நானேதானுங்க."

(அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தது நான். இதைப் பெருமையோடு இங்கே பதிவு செய்கிறேன்.)

பட்டன் இலையை நக்கிக்கொண்டிருந்தது. உலகத்துக்கே நான் படம் போட்டுக் காட்டிய மினுமினுப்பு, அவள் எனக்குத் தெரியாமல் வைத்த முட்டை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வெட்கம் பாதி. நல்லவேளை, இவள் இருந்ததால் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி மீதி.

"உடுங்க தம்பி, ஒரு மன்னிப்புப் பதிவு போட்டுட்டாப் போவுது" என்றார் ரங்கசாமி ஐயா.

"இல்லீங்க ஐயா. ரூல் ரூல்தானுங்க."

வீட்டுக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். முதலில் நூல்கண்டின் தடையை நீக்கி, பதிவுகளை எல்லாம் மீட்டேன். அடுத்து ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நூல்கண்டை மட்டுறுத்துநர் ஆக்கினேன். கடைசியாக உறுப்பினர் பட்டியலில் என் பெயரைத் தேடி, நிரந்தரத் தடை என்ற இடத்தில் அமுக்கினேன். காரணம் கேட்டது. 'பொய்த் தகவல். தைத்தவனே செக்கிங் செய்தது' என்று அடித்தேன். அடுத்த நொடி குழுமம் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

"அப்பா அவுட்டா?" என்றாள் மகள்.

"அவுட்டுதான் கண்ணு."

ஐயா கைதட்டினார். என் வாழ்நாளில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்களிலேயே சரியான இடத்தில் ஒட்டியது அதுதான்.

மறுநாள் பட்டனை டாக்டரிடம் கூட்டிப்போனோம். முட்டை அதிகாரபூர்வமாகத் தொடர்ந்தது. நான் இன்றுவரை பால் தொடுவதில்லை, அது என் பாடு. பட்டன் முழு ஆயுசும் இருந்து, பெல் அடித்தால் ரோட்டைத் தாண்டியது. குழுமத்தைச் சாந்தாமணி நடத்திய விதத்தைப் பார்த்து ஐயாவே அசந்துபோனார். காரணம் எழுதாமல் ஒரு பதிவைக்கூட அவள் அழித்ததில்லை. என் தடையை நீக்கச் சொல்லி ஹாலில் இருந்து மெயில் போட்டேன். சமையலறைக்குப் போகும் வழியில் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதில் போட்டாள்: 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' குழுமமே பிறகு மூடப்பட்டது. பரிசீலனை மூடப்படவில்லை.

போன வருஷம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "உங்க ஊட்டுக்காரரு ரொம்பக் கறாருன்னு சொல்லிக்கறாங்களேங்க?" என்று மெதுவாகக் கேட்டார். சாந்தாமணி பட்டன் கதையை முட்டை உள்பட முழுசாகச் சொன்னாள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கறாருதானுங்க" என்று முடித்தாள் அவள். "ஆனா தப்பு தன்னுதுன்னு தெரிஞ்சா, அடுத்தவங்களுக்கு ஒட்டற ஸ்டிக்கரைத் தனக்கும் ஒட்டிக்குவாருங்க. அப்பிடி ஆம்பளை எத்தனை பேரு இருக்காங்க?"

சம்பந்தம் அங்கேயே முடிவானது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, "அப்ப அந்தத் தடையை…" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"பரிசீலனையில இருக்குதுங்க" என்றார்கள், சாந்தாமணியும் மகளும் ஒரே குரலில்.